பாஸ்பேட் எஸ்டர்களும் கருக்கவர் பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் முதுநிலை வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கும், நெட், கேட், ஜாம் தேர்வுகளுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கும் மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். பாஸ்பேட் எஸ்டர் பாடம் தொடங்கியதும் ஆண்டுதோறும் அதே கேள்விகள் எழுகின்றன. அதே தவறும் கரும்பலகையில் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பாக்சிலிக் எஸ்டருக்குப் படித்த வழிமுறையை எடுத்து, கார்பன் இருந்த இடத்தில் பாஸ்பரஸை எழுதிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பாஸ்பேட் எஸ்டரில் எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்பு வரைவதற்கு முன் இரண்டு செய்திகளைத் தீர்மானித்தாக வேண்டும்: கருக்கவர் பொருள், அதாவது எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணைப்பு அமைக்கும் நியூக்ளியோஃபைல், எந்த அணுவைத் தாக்கப் போகிறது என்பது ஒன்று, அந்த எஸ்டர் எத்தனை எதிர்மின்சுமையைச் சுமந்து நிற்கிறது என்பது மற்றொன்று. கீழே உள்ள விடைகள் அனைத்தும் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கின்றன.

பாஸ்பேட் எஸ்டர் என்பது எது? மோனோ, டை, ட்ரை என்று பிரிப்பது ஏன்?

பாஸ்பாரிக் அமிலத்தில் பாஸ்பரஸ் அணுவுடன் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளும், இரட்டைப் பிணைப்பாக நாம் எழுதும் ஓர் ஆக்சிஜனும் இணைந்திருக்கின்றன. ஹைட்ராக்சில்களில் ஒன்றின் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் கார்பன் தொகுதி அமர்ந்தால் அது மோனோ எஸ்டர். இரண்டில் அமர்ந்தால் டை எஸ்டர். மூன்றிலும் அமர்ந்தால் ட்ரை எஸ்டர். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் முதல் வகை, டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பு இரண்டாம் வகை, ட்ரைமெத்தில் பாஸ்பேட் மூன்றாம் வகை.

இப்பிரிவு பெயர் வைப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. டை எஸ்டரில் எஞ்சியிருக்கும் அமில ஹைட்ரஜனின் பிகேஏ மதிப்பு (அமில வலிமையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் வலியது) 1 முதல் 2 வரை இருப்பதால், சாதாரண நீர்க்கரைசலில் அது எப்போதும் ஒற்றை எதிர்மின் அயனியாகவே காணப்படும். மோனோ எஸ்டரின் இரண்டாவது ஹைட்ரஜனுக்கு அம்மதிப்பு ஏறத்தாழ 6 முதல் 7 வரை. ஆகவே நம் உடலின் பிஹெச் நிலையில் பெரும்பகுதி இரட்டை எதிர்மின்சுமையுடன் இருக்கும். ட்ரை எஸ்டருக்கு மின்சுமையே இல்லை. எலக்ட்ரான் மிகுந்த ஒரு பொருள் நெருங்கி வரும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பின்னால் எண்களோடு காண்போம்.

கருக்கவர் பொருள் பாஸ்பரஸைத் தாக்குமா, கார்பனைத் தாக்குமா?

இரண்டையும் தாக்கக்கூடும். இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும்.

எத்தில் அசிட்டேட்டில் ஹைட்ராக்சைடு அயனி கார்பனைல் கார்பனைத் தாக்கும். எத்தில் தொகுதியின் கார்பனை அது பெரும்பாலும் ஏறிட்டும் பார்ப்பதில்லை, ஏனெனில் அசிட்டேட் அவ்வளவு நல்ல வெளியேறும் தொகுதி (பிணைப்பு முறியும்போது அதன் எலக்ட்ரான்களோடு பிரிந்து போகும் பகுதி) அன்று. பாஸ்பேட் ட்ரை எஸ்டரில் நிலைமை வேறு. அதில் பாஸ்பரஸ் எலக்ட்ரான் குறைந்த மையம் என்பது உண்மையே. ஆனால் ஆல்கைல் கார்பனைத் தாக்கினால் வெளியேறுவது டைஆல்கைல் பாஸ்பேட் அயனியாகும். அதன் இணை அமிலத்தின் பிகேஏ 1 முதல் 2 வரை இருப்பதால் அது மிக நல்ல வெளியேறும் தொகுதி. ஆகவே எஸ்என்2 வழியில், அதாவது ஒன்று சேர மற்றொன்று வெளியேறும் ஒரே படியில், கார்பனைத் தாக்குவதும் இங்கே முழுமையாகத் திறந்திருக்கும் கதவு. ட்ரைமெத்தில் பாஸ்பேட்டை மெத்தில் அயோடைடின் தொலைதூர உறவினராகக் கருதலாம் என்று வகுப்பில் சொல்வேன். அது உண்மையிலேயே ஒரு மெத்திலேற்றும் வினைப்பொருள்.

பாஸ்பரஸைத் தாக்கினால் முறிவது பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு, வெளியேறுவது ஆல்காக்சைடு. கார்பனைத் தாக்கினால் முறிவது கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு, வெளியேறுவது பாஸ்பேட். நீரோ ஹைட்ராக்சைடோ வினைப்படும்போது இரு வழிகளிலும் ஒரே விளைபொருள்கள்தான் கிடைக்கும்: மெத்தனாலும் டைமெத்தில் பாஸ்பேட்டும். விளைபொருளைப் பார்த்து வழியைச் சொல்ல முடியாத இந்த நிலைதான் மாணவர்களை ஏமாற்றுகிறது.

அப்படியானால் எந்தப் பிணைப்பு முறிந்தது என்பதை எவ்வாறு கண்டுபிடித்தார்கள்?

ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு மிகுந்த நீரில் வினையை நடத்திப் பார்த்தார்கள். கனமான ஆக்சிஜன் பாஸ்பேட்டில் வந்து சேர்ந்தால் நீர் பாஸ்பரஸைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். மெத்தனாலில் வந்து சேர்ந்தால் மெத்தில் கார்பனைத் தாக்கியிருக்கிறது. ட்ரைமெத்தில் பாஸ்பேட்டில் கிடைத்த விடை மிகத் தெளிவானது: காரக் கரைசலில் ஹைட்ராக்சைடு பாஸ்பரஸைத் தாக்குகிறது, நடுநிலைக் கரைசலில் நீர் மூலக்கூறு கார்பனைத் தாக்குகிறது. ஒரே எஸ்டர், ஒரே விளைபொருள்கள், ஆனால் தாக்கப்படும் அணு வேறு. சோதனை இல்லாமல் வழிமுறையை ஊகித்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு என் கைவசம் இல்லை.

எந்தக் கருக்கவர் பொருள் எதைத் தாக்கும் என்று முன்கூட்டியே சொல்ல விதி உண்டா?

1963-இல் பியர்சன் முன்வைத்த கடின, மென் அமில–காரக் கொள்கை இங்கே நன்றாகவே வழிகாட்டுகிறது. பாஸ்போரைல் தொகுதியின் பாஸ்பரஸ் ஒரு கடின மையம். நிறைவுற்ற ஆல்கைல் கார்பன் அதைவிட மென்மையான மையம். ஹைட்ராக்சைடு, ஆல்காக்சைடு, ஃபுளுரைடு போன்ற கடினமான கருக்கவர் பொருள்கள் பாஸ்பரஸை நாடுகின்றன. அயோடைடு, தயோபீனோலேட்டு போன்ற மென்மையானவை கார்பனை நாடுகின்றன. அமீன்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை: மெத்தில் எஸ்டராக இருந்தால் அவை பெரும்பாலும் மெத்தில் தொகுதியைப் பறித்துக்கொண்டு தாமே மெத்திலேற்றம் அடைகின்றன, எளிதில் வெளியேறும் பீனால் தொகுதி பாஸ்பரஸில் இருந்தால் பாஸ்பரஸையும் தாக்குகின்றன.

இதைத் தொழில்முறையில் பயன்படுத்தியவர்கள் டி.என்.ஏ. இழைகளைச் செயற்கையாகக் கட்டியவர்கள். 1980களில் பாஸ்பேட்டை மெத்தில் தொகுதியால் மூடி வைத்து, இழையைக் கட்டி முடித்தபின் தயோபீனாலைக் கொண்டு அந்த மெத்திலை மட்டும் கழற்றினார்கள். கந்தகம் மென்மையானது என்பதால் அது மெத்தில் கார்பனைத் தாக்கியது, பாஸ்பரஸை விட்டுவிட்டது, இழையும் முறியாமல் தப்பியது. அந்த இடத்தில் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தியிருந்தால் அது பாஸ்பரஸைத் தாக்கும்; அப்போது மெத்தாக்சி தொகுதிதான் வெளியேறும், இழையைப் பிணைத்திருக்கும் ஆக்சிஜன் வெளியேறாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

உயிரணுவும் இந்த வேறுபாட்டை அறிந்தே நடந்துகொள்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. மூலக்கூறின் பாஸ்பரஸ்களை ஆல்கஹால் ஆக்சிஜன்கள் தாக்குவதைப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஆனால் எஸ்-அடினோசைல் மெத்தியோனின் உருவாகும்போது, மெத்தியோனினின் கந்தகம் ஏ.டி.பி.யின் ரைபோஸில் உள்ள ஐந்தாம் கார்பனைத் தாக்கி, மூன்று பாஸ்பேட்டுகளையும் ஒரே கொத்தாக வெளியேற்றுகிறது. அதே மூலக்கூறுதான், வந்தவர் யார் என்பதைப் பொறுத்தும், நொதி அவரை எங்கே நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தும் தாக்கும் இடம் மாறுகிறது.

மல்லிகையின் மணத்தில் பங்கு பெறும் லினலூல் என்ற ஆல்கஹாலும் இத்தகைய கார்பன்–ஆக்சிஜன் முறிவிலிருந்து வருவதுதான். ஜெரானைல் டைபாஸ்பேட்டிலிருந்து டைபாஸ்பேட் முதலில் விலகுகிறது. எஞ்சிய கார்பன் நேர்மின் அயனியை நீர் பிடித்துக்கொள்கிறது. கோயம்பேடு பூச்சந்தையைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு. அதற்குப் பிறகு எவரும் பாஸ்பேட்டை வெளியேறும் தொகுதியாக எழுத மறந்ததில்லை.

சோடியம் அயோடைடால் ட்ரை எஸ்டரின் மூன்று ஆல்கைல் தொகுதிகளையும் நீக்க முடியுமா?

பொதுவாக ஒன்றோடு நின்றுவிடும். முதல் ஆல்கைல் நீங்கியதும் எஸ்டர் எதிர்மின்சுமை பெற்றுவிடுகிறது. இரண்டாவதையும் பறிக்க வேண்டுமானால் இரட்டை எதிர்மின்சுமை கொண்ட ஒரு தொகுதி வெளியேற வேண்டும். அது மிக மோசமான வெளியேறும் தொகுதி.

பாஸ்பரஸைத் தாக்கும்போது ஐந்து பிணைப்புகள் கொண்ட இடைப்பொருள் உண்மையில் உருவாகிறதா?

சில வேளைகளில் உருவாகிறது, சில வேளைகளில் இல்லை. கார்பாக்சிலிக் எஸ்டரில் நான்முகி இடைப்பொருள் ஏறத்தாழ எப்போதும் உண்டு என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த விடை ஏமாற்றம் தரும். ஆனால் இயற்கை இங்கே மூன்று பாதைகளை வைத்திருக்கிறது.

முதல் பாதையில் கருக்கவர் பொருள் முதலில் சேர்ந்து, முக்கோண இருபிரமிடு வடிவில் ஐந்து தொகுதிகள் கொண்ட பாஸ்போரேன் உருவாகி, அதன்பின் ஒரு தொகுதி வெளியேறுகிறது. மின்சுமையற்ற ட்ரை எஸ்டர்களும், ஐந்தணு வளைய எஸ்டர்களும் இதற்கு நெருக்கமாகச் செல்கின்றன. இரண்டாம் பாதையில் சேர்வதும் வெளியேறுவதும் ஒரே படியில், எஸ்என்2 போலவே நடக்கின்றன; டை எஸ்டர்கள் பெரும்பாலும் இவ்வழி. மூன்றாம் பாதையில் வெளியேறும் தொகுதி ஏறத்தாழ முழுவதும் விலகிய பிறகே கருக்கவர் பொருள் மெல்ல நெருங்குகிறது. மோனோ எஸ்டரின் இரட்டை எதிர்மின் அயனி இப்படித்தான் வினைப்படுகிறது. அந்த நேரத்தில் நடுவில் இருக்கும் பாஸ்பரஸ் தொகுதி, மூன்று ஆக்சிஜன்களோடு தட்டையாக இருக்கும் மெட்டாபாஸ்பேட்டை ஒத்திருக்கிறது.

எந்தப் பாதையாக இருந்தாலும் கருக்கவர் பொருள் வெளியேறும் தொகுதிக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதையே விரும்புகிறது. இதை நேர்கோட்டுத் தாக்குதல் என்பார்கள். இதனால் பாஸ்பரஸ் மையத்தின் புறவெளி அமைப்பு, காற்றில் குடை மடங்கித் திரும்புவதுபோல, தலைகீழாகிறது.

போலிச் சுழற்சி என்பது என்ன? அது எப்போது தேவைப்படுகிறது?

முக்கோண இருபிரமிடில் மேலும் கீழுமாக இரண்டு அச்சு நிலைகளும், நடுத்தளத்தில் மூன்று நிலைகளும் இருக்கின்றன. உள்ளே வரும் தொகுதி அச்சு நிலையில் நுழைகிறது. வெளியே போகும் தொகுதியும் அச்சு நிலையிலிருந்தே புறப்படுகிறது. நடுத்தளத்தில் சிக்கிக்கொண்ட ஒரு தொகுதி வெளியேற வேண்டுமானால் அது முதலில் அச்சு நிலைக்கு வர வேண்டும். பிணைப்பு எதுவும் முறியாமல், கோணங்கள் மட்டும் நெளிந்து, இரண்டு அச்சுத் தொகுதிகளும் இரண்டு நடுத்தளத் தொகுதிகளும் இடம் மாறிக்கொள்வதே போலிச் சுழற்சி. 1960-இல் ஸ்டீபன் பெரி இதை விளக்கினார். அதனால் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதைப் பாஸ்பேட் எஸ்டரோடு இணைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர். மெத்தில் எத்திலீன் பாஸ்பேட் என்ற ஐந்தணு வளைய எஸ்டர், வளையமற்ற ட்ரைமெத்தில் பாஸ்பேட்டைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான வேகத்தில் நீராற்பகுப்பு அடைகிறது. வளையத்தில் இறுக்கம் இருக்கிறது, அது திறந்தால் இறுக்கம் தளர்கிறது, ஆகவே வேகம் என்று விளக்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அமிலக் கரைசலில் ஒரு பகுதி எஸ்டர் வளையத்தைத் திறக்காமலே, வெளியே தொங்கும் மெத்தாக்சி தொகுதியை மெத்தனாலாக இழக்கிறது. அந்த வினையும் அதே அளவு வேகமாகவே நடக்கிறது. வளையம் திறக்காதபோது இறுக்கத் தளர்வு எங்கிருந்து வந்தது?

வெஸ்ட்ஹைமரின் விடை அழகானது. நான்முகி வடிவில் ஏறத்தாழ 109 டிகிரியை விரும்பும் கோணம் ஐந்தணு வளையத்துக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. முக்கோண இருபிரமிடில் அச்சு நிலைக்கும் நடுத்தள நிலைக்கும் இடையிலான கோணம் 90 டிகிரி. வளையத்தின் ஒரு முனை அச்சிலும் மறுமுனை நடுத்தளத்திலும் அமர்ந்தால், வளையம் திறவாமலேயே இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ஆகவே இடைப்பொருள் எளிதில் உருவாகிறது; பிறகு ஒரு போலிச் சுழற்சியால் மெத்தாக்சி தொகுதி அச்சு நிலைக்கு வந்து வெளியேறுகிறது. ஓர் எளிய விளக்கத்தை ஒரே ஒரு விளைபொருள் எப்படிக் கவிழ்த்தது என்பதைக் காண, இந்த ஒரு கேள்விக்காகவே முழு மாலையையும் ஒதுக்குவேன். தேங்காய்க் கீற்றுத் துடைப்பக் குச்சிகளையும் களிமண்ணையும் வைத்து ஐந்து கைகள் கொண்ட உருவத்தைச் செய்து, கையால் நெளித்துப் பார்த்தால்தான் இது மனத்தில் பதிகிறது. தாளில் வரைந்து மட்டும் எவருக்கும் விளங்கி நான் பார்த்ததில்லை.

மின்சுமை வேகத்தை எவ்வளவு பாதிக்கிறது?

மிகவும். ட்ரை எஸ்டரைக் காரத்தில் சூடேற்றினால் டை எஸ்டராக மாறி, பிறகு அசையாமல் நின்றுவிடும். எதிர்மின்சுமை கொண்ட ஹைட்ராக்சைடை எதிர்மின்சுமை கொண்ட டை எஸ்டர் விலக்குகிறது.

இதைச் சென்னைக்கு அருகிலேயே காணலாம். கல்பாக்கத்தில் எரிந்து முடிந்த அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி நிலையம் இருக்கிறது. இதற்கு உலகெங்கும் வழங்கும் ப்யூரெக்ஸ் முறையில் கரைப்பானாக இருப்பது, டோடெக்கேன் போன்ற ஹைட்ரோகார்பனில் பெரும்பாலும் 30 சதவீதம் கலந்த ட்ரைபியூட்டைல் பாஸ்பேட். நைட்ரிக் அமிலமும் கதிர்வீச்சும் அதை மெல்லச் சிதைக்கின்றன. டைபியூட்டைல் பாஸ்பேட்டும் சிறிதளவு மோனோபியூட்டைல் பாஸ்பேட்டும் தோன்றி, உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு தொல்லை தருகின்றன. அவை அமிலங்கள் என்பதால் சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி அகற்றப்படுகின்றன. பயன்படுத்தித் தீர்ந்த கரைப்பானை அழிப்பதற்குச் செறிவான சூடான சோடியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அதில் கிடைப்பவை சோடியம் டைபியூட்டைல் பாஸ்பேட்டும் பியூட்டனாலும்தான். காரம் மீதமிருந்தாலும் வினை அதோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் ஒரு வரி, தொழிற்கூடத்தில் அப்படியே நடக்கிறது.

எண்களையும் பார்த்துவிடுவோம். 25 டிகிரி செல்சியஸில் நடுநிலை நீரில் டி.என்.ஏ. போன்ற ஒரு டை எஸ்டரின் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு தானாக முறிவதற்கான அரை ஆயுள் காலம் சுமார் 3 கோடி ஆண்டுகள் என்று வொல்ஃபெண்டன் குழுவினர் 2006-இல் கணித்தார்கள். சாதாரண டைமெத்தில் பாஸ்பேட்டை வைத்து இதை அளக்க முடியாது, ஏனெனில் நீர் அதன் மெத்தில் கார்பனைத் தாக்கிவிடும். ஆகவே கார்பனின் பின்பக்கத்தைப் பருத்த தொகுதி அடைத்துக்கொண்டிருக்கும் டைநியோபென்டைல் பாஸ்பேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆல்கைல் மோனோ எஸ்டரின் இரட்டை எதிர்மின் அயனிக்கு அதே குழுவினர் சொன்ன அரை ஆயுள் காலம் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

மோனோ எஸ்டர் பிஹெச் 4-இல் வேகமாக நீராற்பகுப்பு அடைவது ஏன்?

அந்த பிஹெச் நிலையில் அது ஒற்றை எதிர்மின் அயனியாக இருக்கிறது. எஞ்சியிருக்கும் அந்த ஒரு ஹைட்ரஜன், வெளியேறப்போகும் ஆக்சிஜனுக்கு மாற்றப்படுவதால், ஆல்காக்சைடாக அல்லாமல் ஆல்கஹாலாகவே அத்தொகுதி வெளியேற முடிகிறது. பிஹெச் உயர்ந்தால் அந்த ஹைட்ரஜன் போய்விடுகிறது, உதவியும் போய்விடுகிறது.

வெளியேறும் தொகுதியின் பங்கு என்ன?

மோனோ எஸ்டரில் அதுவே எல்லாம் என்று சொல்லிவிடலாம். வெளியேறும் ஆல்கஹால் அல்லது பீனாலின் பிகேஏ ஓர் அலகு குறைந்தால், இரட்டை எதிர்மின் அயனியின் நீராற்பகுப்பு வேகம் ஏறத்தாழ 17 மடங்கு உயர்கிறது. வேகத்தின் மடக்கையைப் பிகேஏ மதிப்புக்கு எதிராக வரைந்த கோட்டில் கெர்பியும் வர்வோக்லிஸும் 1967-இல் அளந்த சாய்வு மைனஸ் 1.23 என்பதன் பொருள் இதுவே. அதே எஸ்டரில் கருக்கவர் பொருளின் வலிமையை மாற்றினால் வேகம் சிறிதளவே மாறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெளியேறும் தொகுதி விலகி முடியும் தறுவாயில்தான் கருக்கவர் பொருள் வந்து சேர்கிறது என்ற முடிவுக்கு வரலாம்.

பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் ஆய்வகங்களில் இவ்வளவு புகழ் பெற்றதற்கும் காரணம் இதுதான். பாரா-நைட்ரோபீனாலின் பிகேஏ சுமார் 7.15; அது எளிதில் வெளியேறும்; வெளியேறியதும் காரக் கரைசலில் மஞ்சள் நிறம் காட்டும். பாலைச் சரியாகப் பாஸ்டராக்கம் செய்திருக்கிறார்களா என்று அறியும் பாஸ்பேட்டேஸ் சோதனை இதை அடிப்படையாகக் கொண்டது. 72 டிகிரி செல்சியஸில் 15 நொடிகள் சூடேற்றினால் பாலின் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி செயலிழந்துவிடும். இரண்டு சோதனைக் குழாய்களில் பிஹெச் 10 அளவிலான கார்பனேட் தாங்கல் கரைசலையும் இந்த எஸ்டரையும் எடுத்து, ஒன்றில் பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டகையில் அப்போதே கறந்த பாலின் சில சொட்டுகளையும், மற்றொன்றில் ஆவின் பாக்கெட் பாலின் சில சொட்டுகளையும் விடச் செய்வேன். முதல் குழாய் சற்று நேரத்தில் எலுமிச்சை மஞ்சளாக மாறும். இரண்டாவது வெண்மையாகவே நிற்கும். நொதி இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல வெளியேறும் தொகுதி இருந்தும் எஸ்டர் அசைவதில்லை என்பதை அந்த வெள்ளைக் குழாயே சொல்லிவிடுகிறது.

மெட்டாபாஸ்பேட் தனித்து உலவுமா?

நீரிலும் மெத்தனாலிலும் உலவுவதில்லை என்றே சொல்ல வேண்டும். ஜெரமி நோல்ஸ் குழுவினர் ஆக்சிஜனின் 16, 17, 18 ஆகிய மூன்று ஐசோடோப்புகளையும் ஒரே பாஸ்பேட்டில் அமைத்துச் சமச்சீரற்ற பாஸ்பரஸை உருவாக்கினார்கள். அத்தகைய பீனைல் பாஸ்பேட் மெத்தனாலுடன் வினைப்பட்டபோது புறவெளி அமைப்பு முழுமையாகத் தலைகீழானது. தட்டையான மெட்டாபாஸ்பேட் விடுதலை பெற்று அலைந்திருந்தால் இரு பக்கங்களிலிருந்தும் தாக்கப்பட்டு, இரண்டு வடிவங்களும் சம அளவில் கலந்திருக்கும். ஆகவே அது பிறக்கும் தருவாயிலேயே பக்கத்துக் கரைப்பான் மூலக்கூறு அதைப் பற்றிக்கொள்கிறது.

ஆர்.என்.ஏ. காரத்தில் சிதைய, டி.என்.ஏ. தாங்கி நிற்பது ஏன்?

இரண்டும் டை எஸ்டர்களே. ஆனால் ஆர்.என்.ஏ.வில் ரைபோஸின் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, பாஸ்பரஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப்போல அமர்ந்திருக்கிறது. காரம் அதன் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டதும் அந்த ஆக்சிஜனே கருக்கவர் பொருளாகிப் பாஸ்பரஸைத் தாக்குகிறது; ஐந்தணு வளையம் கொண்ட சுழல் பாஸ்பேட் உருவாகி இழை முறிகிறது. வெளியிலிருந்து வரும் ஹைட்ராக்சைடு எதிர்மின்சுமையைத் தாண்டி வரவேண்டிய இடர்ப்பாடு, மூலக்கூறுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும் இந்த ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் இல்லை. 0.3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் ஆர்.என்.ஏ. நியூக்ளியோடைடுகளாகப் பிரிந்துவிடும், டி.என்.ஏ.வின் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமே தவிர முதுகெலும்பு முறிவதில்லை.

ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியும் இதே தாக்குதலைத்தான் நடத்துகிறது. அதன் 12-ஆம் ஹிஸ்டிடின் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள, 119-ஆம் ஹிஸ்டிடின் வெளியேறும் ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது.

இவ்வளவு மந்தமான எஸ்டர்களை மற்ற நொதிகள் எப்படி முறிக்கின்றன?

உலோக அயனிகளின் துணையோடு. ஈ. கோலையின் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸில் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மக்னீசிய அயனியும் இருக்கின்றன. ஒரு துத்தநாகம் 102-ஆம் செரினின் ஆக்சிஜனைக் கருக்கவர் பொருளாக ஆயத்தப்படுத்துகிறது; மற்றொன்று வெளியேறும் ஆக்சிஜனின் எதிர்மின்சுமையைத் தாங்கிக்கொள்கிறது. பாஸ்பேட் முதலில் செரினுக்கு மாறுகிறது. பிறகு நீர் அதைச் செரினிலிருந்து மீட்கிறது. ஒவ்வொரு படியிலும் தலைகீழாவதால், இறுதியில் புறவெளி அமைப்பு தொடக்கத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது. விளைபொருளில் அமைப்பு மாறாமல் இருந்தால் நடுவில் இரண்டு தாக்குதல்கள் நடந்திருக்கின்றன என்று ஐயுற வேண்டும். தேர்வுகளில் இதைக் கேட்கிறார்கள்.

பூச்சிக்கொல்லி நஞ்சுக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. நரம்பு முனைகளில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் செரின் ஆக்சிஜன், கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லியின் பாஸ்பரஸைத் தாக்குகிறது; எளிதில் வெளியேறும் தொகுதி போய்விட, நொதியின் மேல் டைஆல்கைல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. நீர் அதை அகற்ற நீண்ட நேரம் ஆவதால் நொதி முடங்குகிறது. மாலத்தியான் போன்றவற்றில் பாஸ்பரஸுடன் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் இரட்டைப் பிணைப்பில் இருப்பதால் அவற்றின் பாஸ்பரஸ் அவ்வளவு வினைத்திறன் உடையதன்று. உடலில் கந்தகம் ஆக்சிஜனாக மாற்றப்பட்ட பின்னரே அவை நொதியைத் தாக்கும் வலிமை பெறுகின்றன.

முடங்கிய நொதியை மீட்க 1950களில் உருவாக்கப்பட்டது பிராலிடாக்சைம். அதன் ஆக்சைம் தொகுதியில் எதிர்மின்சுமை கொண்ட ஆக்சிஜனுக்கு அடுத்தே தனி எலக்ட்ரான் இரட்டை கொண்ட நைட்ரஜன் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அணுக்களில் தனி இரட்டைகள் இருந்தால், காரத்தன்மையை வைத்து எதிர்பார்ப்பதைவிட அதிகக் கருக்கவர் திறன் கிடைக்கிறது. இதை ஆல்ஃபா விளைவு என்பார்கள். ஹைட்ராக்சிலமீன், ஹைட்ரஜன் பெராக்சைடின் அயனி ஆகியவற்றிலும் இது உண்டு. பிராலிடாக்சைமின் பிகேஏ சுமார் 8 என்பதால் உடலின் பிஹெச் நிலையில் போதிய அளவு அயனியாக இருக்கிறது. அது பாஸ்பரஸைத் தாக்கிச் செரினை விடுவிக்கிறது.

காலம் கடந்தால் இது பலிப்பதில்லை. நொதியில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் ஓர் ஆல்கைல் தொகுதியை இழந்து எதிர்மின்சுமை பெற்றுவிடுகிறது. மூப்படைதல் என்று இதற்குப் பெயர். டைமெத்தில் வகையில் இதற்கான அரை ஆயுள் காலம் ஏறத்தாழ 4 மணி நேரம். டைஎத்தில் வகையில் ஒரு நாளுக்கும் மேல். எதிர்மின்சுமை வந்ததும் கருக்கவர் பொருள் விலக்கப்படுகிறது என்று மேலே எழுதியது இங்கே ஓர் உயிரைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது. சிகிச்சையில் முதலிடம் அட்ரோபினுக்கும் மூச்சுக்கான உதவிக்கும்தான். ஆக்சைமால் எந்த அளவு பயன் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நஞ்சு உடலில் பட்டுவிட்டால் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பீனைல் வளையத்தின் கார்பனைக் கருக்கவர் பொருள் தாக்குமா?

வளையத்தில் இரண்டு நைட்ரோ தொகுதிகள் இருந்தால் தாக்கலாம். 2,4-டைநைட்ரோபீனைல் எஸ்டர்களில் அமீன்கள் பாஸ்பரஸோடு வளையக் கார்பனையும் தாக்குவதுண்டு. மற்றபடி இதை மறந்துவிடலாம்.

மூவிணைய பியூட்டைல் பாஸ்பேட்டுக்கு எந்த வழி?

அமிலத்தில் எஸ்என்1 வழி. கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு முறிந்து நேர்மின் அயனி உருவாகிறது. கருக்கவர் பொருளுக்கு முதல் படியில் வேலையே இல்லை.

தேர்வில் வழிமுறை கேட்டால் எதிலிருந்து தொடங்குவது?

கொடுக்கப்பட்ட பிஹெச் நிலையில் எஸ்டரின் மின்சுமையை முதலில் எழுதுங்கள். மின்சுமையை எழுதாமல் வரைந்த அம்புக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. அடுத்து, ஆல்கைல் தொகுதி மெத்திலா, பென்சைலா, நியோபென்டைலா என்று பாருங்கள். முதல் இரண்டும் கார்பன் தாக்குதலை வரவேற்கும், மூன்றாவது மறுக்கும். பிறகு கருக்கவர் பொருள் கடினமா மென்மையா என்று பாருங்கள். மெத்தில் டைபீனைல் பாஸ்பேட்டுடன் சோடியம் அயோடைடைக் கொடுத்து விளைபொருள் கேட்டால், பீனாக்சைடு நல்ல வெளியேறும் தொகுதி என்ற எண்ணத்தில் பாஸ்பரஸின் மேல் அயோடினைப் போடுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப்பேர் இருக்கிறார்கள். விளைபொருள் மெத்தில் அயோடைடும் சோடியம் டைபீனைல் பாஸ்பேட்டும்தான். அம்பு அயோடைடிலிருந்து மெத்தில் கார்பனுக்குச் செல்ல வேண்டும்.